இதயப் பரிசோதனைப் பதிவு மென்பொருளுக்கு எவ்வளவு பெரிய சர்வர் தேவை?

மதுரையிலுள்ள 50 படுக்கை மருத்துவமனையில் இ.சி.ஜி., எக்கோ பதிவுகளை ஒரே மென்பொருளில் சேமிக்க எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 12 லீட் (இதய மின்னோட்டத்தைப் பார்க்கும் 12 கோணங்கள்) இ.சி.ஜி.யை, லீட் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 500 மாதிரி (அளவீட்டுப் புள்ளி) வீதம் 10 நொடி பதிந்தால், மாதிரிக்கு 2 பைட் என்ற கணக்கில் 1,20,000 பைட்தான் ஆகும். தினமும் நூறு பேருக்கு எடுத்தாலும் ஆண்டுக்கு 5 ஜி.பி.யைத் தொடாது. இடத்தை விழுங்குவது எக்கோவின் அசைபடங்களே என்பதால், அவற்றை வைத்தே வட்டின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள்.

சர்வரைவிட முக்கியமானது, கருவி தரவை எந்த வடிவில் தருகிறது என்பதே என்று உறுதியாகச் சொல்வேன். மருத்துவத் தரவுப் பரிமாற்றத்துக்கான பொதுத் தரங்களான டைகாம் அல்லது எச்.எல்.7 வடிவில் அலைவடிவத்தையே அனுப்பும் கருவியை வாங்குங்கள், வெறும் பி.டி.எஃப். மட்டும் தந்தால் பழைய பதிவோடு நுணுக்கமாக ஒப்பிடுவது கடினம். உசிலம்பட்டியிலிருந்து நெஞ்சுவலியோடு வந்து சேரும் ஒருவருக்கு எஸ்.டி. பகுதி (இ.சி.ஜி. அலையில் மாரடைப்பைக் காட்டக்கூடிய பகுதி) இன்றுதான் உயர்ந்திருக்கிறதா, முன்பே அப்படி இருந்ததா என்பதை மருத்துவர் அந்த ஒப்பீட்டில்தான் அறிகிறார்.

நோயாளி எண்ணைக் கையால் தட்டாமல் பார்கோடு வழியே ஏற்றுங்கள். ஓர் இலக்கம் மாறினால் ஒருவரின் பதிவு இன்னொருவரின் கோப்பில் போய் உட்காரும். சர்வருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். வேண்டும், காப்பு நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.