பொய்ச் செய்தியைக் கண்டறிய மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

"எதையும் உடனே நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது, அது கெடுதலாகவும் முடியலாம் என்பது மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் என் கருத்து. சந்தேகப்பட மட்டுமே பழகிய மாணவன், நாளடைவில் "எல்லாச் சேனலும் பொய்தான் சார்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். அதன்பின் செய்தியாளர் நேரில் விசாரித்து எழுதியதும் யாரோ அனுப்பிய ஃபார்வர்டும் அவனுக்கு ஒன்றுதான்.

வகுப்பில் நான் முதலில் எடுத்துக்கொள்வது 2018ஆம் ஆண்டின் பிள்ளை பிடிப்போர் வதந்தி. அந்த ஆண்டு மே மாதம், குலதெய்வக் கோவிலுக்காகச் சென்னையிலிருந்து போளூர்ப் பக்கம் சென்ற ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைக் கண்டு ஊரார் சந்தேகப்பட்டுத் தாக்கியதில், 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அக்காலத்தில் பல மாநிலங்களில் பரவிய ஒரு காணொளியில், தெருவில் விளையாடும் சிறுவனை பைக்கில் வரும் இருவர் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகத்தை விரித்துக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள்.

வெட்டிய வடிவத்தை மட்டும் காட்டி, இது உண்மையா என்று கேட்பேன். மாணவர்கள் வண்டி எண்ணையும், நிழல் விழும் திசையையும், சிறுவன் அழுகிறானா என்பதையும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். காணொளியை மூடிவிட்டு வெளியே தேட வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற அறிஞர்களே இணையதளத்தின் தோற்றத்தையும் சின்னத்தையும் நம்பிப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்த கையோடு வேறு டேப்களைத் திறந்து, அதை நடத்துவது யார், மற்றவர்கள் அவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

ஆகவே நான் பழக்குவது இந்த வெளியேறும் வேலையைத்தான். காணொளியில் முகமோ கடைப் பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டு, இதே காட்சி இதற்கு முன் எங்கே, எந்தத் தேதியில் வெளியானது என்று பார்க்கச் சொல்கிறேன். குரல் பதிவுகளுக்கு இந்த வழி உதவாது. அங்கே ஊர்ப் பெயர், நாள், சொன்னவர் பெயர் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் மாவட்டக் காவல்துறையின் அறிவிப்புகளோடு ஒப்பிட வேண்டும்.

அரசே முன்வந்து செய்ததற்குக் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் நல்ல உதாரணம்: தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்திகளைக் கண்ட மாவட்ட நிர்வாகம், 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் இதற்கென வகுப்புகளை நடத்தியது.

நடைமுறையில் மாணவர்களுக்கு இருக்கும் பெரிய தடை வீடுதான். குடும்பக் குழுவில் பெரியப்பா போட்டதைப் பொய் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னால் வீண் மனத்தாங்கல்தான் வரும், செய்தி திருத்தப்படாது. எனவே, அவருக்குத் தனியாக அனுப்பி, "பெரியப்பா, இது பழைய வீடியோ போலிருக்கிறது, இந்த லிங்கைப் பாருங்கள்" என்று எழுதச் சொல்கிறேன். சிலர் தாமாகவே குழுவிலிருந்து அதை நீக்கியும் விடுகிறார்கள்.