பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பிய சில நாளில் மறுபடி மருத்துவமனையில் சேர்ப்பது ஏன்?

வீடு திரும்பிய பச்சிளங்குழந்தையை மீண்டும் உள்நோயாளியாகச் சேர்ப்பதே மறுசேர்க்கை. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மஞ்சள் காமாலை. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதை வெளியேற்றக் குழந்தையின் கல்லீரல் இன்னும் பழகவில்லை. குழாய் திறந்தே இருக்க, தொட்டியின் அடித்துளை பாதி அடைத்துக்கொண்டது போல. நிறமி 3 முதல் 5 நாளில்தான் உச்சம் தொடும். சுகப்பிரசவமானால் பலர் 2 நாளிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

வீடு போன 2, 3 நாளில் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள், குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும். நிறமி மலத்தோடு வெளியேற வேண்டும். அதற்கு நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் தேவை. பாலுக்கு எழாமல் தூங்கினாலோ, உள்ளங்கால் வரை மஞ்சளானாலோ உடனே கிளம்புங்கள்.

காலை வெயிலில் காட்டினாலே போதும் என்பது தவறு. மருத்துவமனையின் நீல ஒளி சிகிச்சைக்கு அது ஈடாகாது.