மார்மன் மிஷன்: கேள்விகளும் பதில்களும்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைத்தான் ஊரில் மார்மன் சபை என்கிறார்கள். அதன் இளைஞர்கள் அனுப்பிய ஊருக்குப் போய் வீடு வீடாக மதத்தைச் சொல்லும் மிஷனரி ஊழியம், அதாவது மிஷன், பற்றி வந்த கேள்விகள் இவை.

எந்த நாடு என்று நாமே கேட்டு வாங்கலாமா, அண்ணா?

முடியாது, தம்பி. விண்ணப்பம் சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். இடத்தை அப்போஸ்தலர்கள் எனப்படும் சபைத் தலைவர்களில் ஒருவர் தீர்மானிப்பார்.

சம்பளம் உண்டா?

கிடையாது, நாம்தான் கட்டவேண்டும். அமெரிக்க இளைஞர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். டோக்கியோவுக்குப் போனாலும் பெருவுக்குப் போனாலும் அதே தொகைதான். ஆண்களுக்கு 24 மாதம், ஆக 12,000 டாலர். பெண்களுக்கு 18 மாதம், 9,000. துணிமணி, காலணிச் செலவு தனி. தேய்ந்து பழகிய காலணி இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நனைந்தால் அது காயும்வரை மற்றதைப் போடலாம். புதுக் காலணியோடு போனால் முதல் வாரமே குதிகாலில் கொப்புளம் வரும். வந்தால் அன்றே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

வீட்டுக்காரர்கள் முகத்தில் கதவைச் சாத்துவதுதான் பெரிய கஷ்டமா?

அது பழகிவிடும். பழகக் கடினமானது கூட வரும் ஜோடி, அதாவது சேர்ந்தே ஊழியம் செய்யும் இன்னொரு மிஷனரி. குளியலறை தவிர நாள் முழுக்க ஒருவர் கண்ணில் மற்றவர் இருக்கவேண்டும். யாரோடு சேர்வது என்பதும் நம் கையில் இல்லை. சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றம் வரும். சில ஜோடிகள் இரண்டு மூன்று சுற்று சேர்ந்தே இருக்கும். சண்டை மூள்வது பெரும்பாலும் மதத்தில் இல்லை: கழுவாத பாத்திரம், காலை 6:30க்கு எழாதது, வீதியில் ஒருவரே பேசிக்கொண்டு போவது. வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனக்குறைகளைப் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை ‘எல்லாம் சரிதான்’ என்று ஒரு வரியில் முடிக்கும் ஜோடிதான் நான்காம் வாரம் பேச்சை நிறுத்திவிடும். பாத்திரம் என்றால் பாத்திரம் என்றே சொல்லுங்கள். இதில் தேறியவருக்குக் கிடைப்பது பெரிய வரவு: ஒத்துவராத ஒருவரோடும் நாள் முழுக்க வேலை செய்ய வந்துவிடும்.

மொழி தெரியாமல் எப்படி?

புது மொழி என்றால் பயிற்சி மையத்தில் ஆறு முதல் ஒன்பது வாரம். முதல் நாட்களிலேயே அந்த மொழியில் ஜெபிக்கச் சொல்லித்தருவார்கள். சறுக்குவது அதற்குப் பிறகு: அமெரிக்கர் இருவர் ஜோடியானால் வீட்டுக்குள் ஆங்கிலம் புகுந்துவிடும். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் இல்லை என்று முதல் நாளே பேசிவையுங்கள்.

வீட்டோடு பேசலாமா? என் மகன் கிளம்புகிறான்.

வாரம் ஒருநாள் பேசலாம் அம்மா, வீடியோவிலும். 2019 பிப்ரவரியில் வந்த அனுமதி. அதற்குமுன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான்.

வாராவாரம் வீட்டோடு பேசும் இந்த போன் அழைப்பால்தான் பிள்ளைகள் பாதியில் திரும்புகிறார்கள். அந்தக் காலத்தில் தாங்கினார்களே?

இதை ஒப்பமாட்டேன். தாங்கினார்கள் என்பதில், சொல்லாமல் இருந்தவர்களும் அடக்கம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், படிக்க உட்கார்ந்தால் அழுகை வருகிறவனை முதலில் கண்டுகொள்வது தாயின் கண்தான்.

அப்படியானால் திரும்பி வருவது தோல்வி இல்லையா?

இல்லை. உடல்நலத்தால் திரும்பியவர் ஊரிலிருந்தே சேவை மிஷன் செய்யலாம். உணவு வங்கி, சபையின் கோயிலில் வேலை என்று பல உண்டு. தோல்வி என்ற இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். அந்தப் பகுதி மிஷனரிகளைக் கவனிக்கும் மிஷன் தலைவரிடம் சொல்லுங்கள், அவர் மனைவியிடமும் சொல்லலாம். மருத்துவ ஏற்பாடு அங்கிருந்துதான் தொடங்கும். வரவேற்கப் போகும் உறவினர்களே, ‘ஏன் சீக்கிரம் வந்தாய்’ என்று வாசலில் கேட்காதீர்கள்.

அங்கே காதலிக்கலாமா?

கூடாது.

டீ, காபி?

மிஷனரி மட்டுமல்ல, சபையார் யாருமே குடிக்கக்கூடாது என்பது சபை விதி.

சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தமக்குக் கிடைத்ததாகச் சொன்ன தங்கத் தகடுகள் பற்றி?

சபை வரலாறு படித்தவரைக் கேளுங்கள். நான் மிஷன் வேலைக்கு மட்டும்.

ஐரோப்பா வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்?

முதல் பதிலைப் பாருங்கள்.

பிரேசில்?

அதே பதில்தான், தம்பி. காலணியைப் பழக்க ஆரம்பியுங்கள்.