இந்தியாவில் ஒரு சிலர் மட்டும்தான் வரி கட்டுகிறார்களா?

"140 கோடிப் பேரில் சில கோடிப் பேர் கட்டும் வரியில்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள், சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. அந்தச் சில கோடிப் பேர் கட்டுவது வருமான வரி. வரி என்று பார்த்தால், சோப்பு வாங்குகிற அத்தனை பேரும் கட்டுகிறார்கள்.

சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆகவே நான் தினமும் பார்க்கிற இடத்திலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா தள்ளுவண்டியில் இட்லி போடுகிறார். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குக் கீழே என்பதால் ஜிஎஸ்டி எண் தேவையில்லை. வருமான வரி வரம்புக்கும் வெகு தூரத்தில் இருக்கிறார். உங்கள் ஆபீஸ் கணக்கில் இவர் 'வரி கட்டாதவர்'. அவர் என்ன வாங்குகிறார் என்று பாருங்கள். பாக்கெட்டாக இல்லாமல் உதிரியாக அளந்து வாங்கும் அரிசிக்கும் உளுந்துக்கும் வரி இல்லை. எண்ணெய்க்கு 5 சதவீதம். பார்சல் கவருக்கு 18 சதவீதம். வீட்டு சிலிண்டருக்கு 5 சதவீதம்தான் வரி, ஆனால் கடை அடுப்பில் அதை வைக்கக் கூடாது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும், அதற்கு 18 சதவீதம். சிலிண்டர் விலை 1,750 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 267 ரூபாய் வரி. ஒரு பிஸ்கட் கம்பெனி தன் அடுப்புக்கு அதே சிலிண்டரை வாங்கினால், அந்த 267 ரூபாயை 'இன்புட்' என்று கணக்கில் எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். அக்காவிடம் ஜிஎஸ்டி எண்ணே இல்லை, எதில் கழிப்பார்? முடிந்தால் இட்லி விலையில் ஏற்றுவார், இல்லாவிட்டால் தன் கூலியில் குறைத்துக்கொள்வார். விலையில் ஏற்றினால் அதைக் கொடுப்பவர் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நின்று சாப்பிடும் கொத்தனாரும் சித்தாளும்.

நானே ரிட்டர்ன் போடுகிற ஆள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஜிஎஸ்டி எண் உள்ள கடைக்காரர் வரியை வசூலித்து அனுப்பி வைப்பவர்தான். பாரம் கடைசியாக வாங்குபவர் தலையில்தான் இறங்குகிறது.

பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கலால் வரியை 2 ரூபாய் கூட்டியதும் அது லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. தமிழ்நாட்டின் வாட் வரியையும் சேர்த்தால், சென்னையில் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்ற லிட்டரில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி. டெலிவரி வேலைக்கு டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டும் பையனுக்கும் பெரிய கார் வைத்திருப்பவருக்கும் ஒரே விகிதம்.

தமிழ்நாட்டு அரசின் கையும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக்தான் நடத்துகிறது. 2023-24-இல் அதன் வழியே வந்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் கால் பங்குக்கும் மேல். அதில் தினக்கூலிக்காரர்கள் கொடுத்ததும் கணிசம் என்பதை எந்த டாஸ்மாக் வாசலிலும் சாயங்காலம் பார்க்கலாம். அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு, மாநில அரசு 2023-இல் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தால் அதை இலவசம் என்று ஏசுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சம்பளக்காரர்களின் ஆதங்கம் பொய்யில்லை. டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்த பிறகுதான் சம்பளம் கைக்கே வருகிறது, மறைக்க வழியே கிடையாது. 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டில் தனிநபர் வருமான வரி 14.38 லட்சம் கோடி, கம்பெனிகள் கட்டும் வரி 10.82 லட்சம் கோடி. பல ஆண்டுகள் கம்பெனி வரிதான் மேலே இருந்தது. 2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை விகிதத்தை 22 சதவீதமாக இறக்கினார்கள். உங்கள் ஆபீஸ் நண்பர்களுக்குக் கோபம் வந்தால் அந்தப் பக்கம் திரும்பட்டும், இட்லி வண்டிப் பக்கம் வேண்டாம்.

மாதம் 15,000 சம்பாதிப்பவருக்கு மிச்சம் நிற்பதில்லை, வாங்கிய சம்பளம் முழுக்கச் செலவாகிவிடும். மாதம் மூன்று லட்சம் சம்பாதிப்பவர் பாதியைச் சேமிக்க முடியும், சேமிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆக, கடை வரியில் யார் அதிகத் தொகை கொடுக்கிறார் என்று பார்த்தால் பணக்காரர், தன் வருமானத்தில் யார் அதிகப் பங்கு கொடுக்கிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஏழை. இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அவருக்கு அந்தப் பங்கு போனால் குறைவது சாப்பாட்டிலும் பிள்ளையின் படிப்பிலும்.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பூ, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பள்ளி நோட்டுக்கு வரியே இல்லை. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 2017 ஜூலையிலிருந்து எட்டு வருஷம் இதே சோப்புக்கு 18 சதவீதம் கொடுத்தவர்களில் இந்த ஏழைகளும் உண்டுதானே.

மேல்தட்டில் கதை வேறு. இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். வசூல் சொற்பம், செலவு அதிகம் என்பது காரணம். சரியாக வசூலிக்கத் தெரியவில்லை என்றால் முறையைத் திருத்தியிருக்கலாம், வரியையே தூக்கியிருக்க வேண்டியதில்லை. நூறு கோடி சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும்போது பரம்பரை வரி என்று ஒரு ரூபாய் கிடையாது. அக்காவின் சிலிண்டருக்கு ஒவ்வொரு முறையும் 18 சதவீதம். என்னைக் கேட்டால் முதலில் அந்தச் சிலிண்டரை 5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு பெரிய சொத்துகளுக்குப் பரம்பரை வரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.