பித்தப்பைக் கல்லுக்கு நுண்துளை ஆபரேஷன்: வயிற்றைத் திறந்து செய்வதுதான் பாதுகாப்பா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலிக்கிறது. பித்தப்பையில் கற்கள் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையையே எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ‘சின்னத் துளை வழியே என்ன தெரியும்? திறந்து செய்வதுதான் நல்லது’ என்கிறார் பெரியப்பா. ஒப்புதல் படிவத்தில் ‘தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம்’ என்ற வரி வேறு பயமுறுத்துகிறது. எல்லா ஆபரேஷனையும் இப்படித் துளை வழியாகவே செய்ய முடியுமா?

பதில்: பெரியப்பாவின் சந்தேகத்திலிருந்தே தொடங்கலாம். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற மருத்துவர் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தபோது, சக அறுவை சிகிச்சை நிபுணர்களே அதை ஏற்கவில்லை. இன்று பித்தப்பைக்கு வழக்கமான முறையே அதுதான்.

‘என்ன தெரியும்’ என்பதற்குப் பதில்: வெறுங்கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். தொப்புள் அருகே ஒரு சென்டிமீட்டர் அளவில் துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உப்ப வைப்போம். அந்த வாயு தீப்பற்றாது, ரத்தத்தில் எளிதாகக் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். உள்ளே மின்கருவியால் திசுக்களைச் சுட வேண்டியிருப்பதால் தீப்பற்றாமல் இருப்பது முக்கியம். பிறகு கேமரா உள்ளே போகும். மேல்வயிற்றில் இன்னும் மூன்று சிறு துளைகள் வழியே கருவிகள் போகும். திரையில் கல்லீரலின் விளிம்பும் அதன் அடியில் தொங்கும் பித்தப்பையும் பெரிதாகத் தெரியும்.

அடுத்து, பித்தப்பையின் கழுத்தருகே கொழுப்பையும் மெல்லிய சவ்வையும் பொறுமையாக விலக்க வேண்டும். பித்தப்பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு ரத்தக்குழாயும் மட்டுமே என்று கண்ணால் உறுதி செய்த பிறகுதான் கிளிப் போட்டு வெட்டுவோம். (கிளிப்புகள் பெரும்பாலும் டைட்டானியம்தான். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் சிக்கல் இல்லை.) பித்தப்பையைப் பிரித்து எடுத்து, உள்ளேயே ஒரு சிறு பையில் போட்டு, துளை வழியாக இழுப்போம். கல் பெரிதாக இருந்தால் பை துளையில் சிக்கிக்கொள்ளும். அப்போது பைக்குள்ளேயே கல்லை நொறுக்குவோம், அல்லது துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவோம்.

துளைதான் சின்னது. உள்ளே நடப்பது திறந்து செய்யும் அதே ஆபரேஷன்தான், முழு மயக்க மருந்தும் தேவை. இதைச் சொல்லக் காரணம், ‘சும்மா நாலு துளைதானே’ என்று அலட்சியமாக வருபவர்களும் உண்டு. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பழைய ஆபரேஷன், இதயக் கோளாறு என எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தப் படிவ வரிக்கு வருவோம். பித்தப்பையில் பலமுறை அழற்சி வந்திருந்தால் சுற்றியுள்ள உறுப்புகள் அதோடு ஒட்டிப்போயிருக்கும். எது பித்தப்பையின் குழாய், எது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பிரதானக் குழாய் என்று பிரித்தறிவதே கடினமாகிவிடும். பிரதானக் குழாயைத் தவறுதலாக வெட்டிவிட்டால் அது பெரிய விபரீதம். சரிசெய்ய இன்னொரு பெரிய ஆபரேஷனே தேவைப்படலாம். அப்படிக் குழப்பமான நேரத்தில் பிடிவாதமாகத் துளை வழியே தொடரும் மருத்துவரைவிட, ‘போதும், திறந்துவிடலாம்’ என்பவரிடமே என் வீட்டு மனிதரை ஒப்படைப்பேன். திறப்பது தோல்வி அல்ல. உங்கள் மருத்துவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அம்மாவுக்குத் திறக்க வேண்டி வரும் வாய்ப்பு எவ்வளவு, எதனால்? நிதானமாகப் பதில் சொல்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எல்லா ஆபரேஷனும் இப்படி முடியுமா? முடியாது, ஆனால் பட்டியல் நீளம்தான். குடல்வால், குடலிறக்கம், சினைப்பைக் கட்டி, கருப்பை அகற்றுதல், குடல் புற்றுநோய்களில் பல, உடல் பருமனுக்கான இரைப்பை ஆபரேஷன் எல்லாம் லேப்ராஸ்கோப்பியில் நடக்கின்றன. நெஞ்சுக்கூட்டில் செய்வது தோரக்கோஸ்கோப்பி. முழங்கால், தோள் மூட்டுகளில் ஆர்த்ரோஸ்கோப்பி. அங்கே வாயுவுக்குப் பதில் உப்பு நீரால் மூட்டை விரிப்போம். சிலவற்றுக்குத் துளைகூட வேண்டாம்: சிறுநீர்ப் பாதை வழியே சிறுநீரகக் கல்லை உடைக்கலாம், மூக்கு வழியே சைனஸையும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியையும் எட்டலாம். ரோபாட்டிக் என்பதும் இதே குடும்பம்தான். ரோபோ தானாக எதையும் செய்யாது, மருத்துவர் உட்கார்ந்து அதன் கைகளை இயக்குகிறார். ஆழமான, இடுக்கான இடங்களில் அது நன்றாக உதவும். சாதாரணப் பித்தப்பைக்கு ரோபோ வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

துளை வழி சரிவராத இடங்களும் உண்டு. பெரிய காயத்தால் ரத்தம் கொட்டி ரத்த அழுத்தம் சரிந்த நிலையில், வயிற்றை உடனே திறப்பதுதான் வழி. இதயமோ நுரையீரலோ மிகவும் பலவீனமானவர்களுக்கு வாயுவின் அழுத்தம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்னொரு உதாரணம் எங்களுக்கே பாடமானது. ஆரம்பநிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையைச் சுற்றுத் திசுக்களோடு அகற்றும்போது, துளை வழியாகச் செய்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம், உயிர்பிழைப்பதும் குறைவு என்று 2018-ல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அதன் பிறகு அந்த ஆபரேஷனுக்குப் பழையபடி திறந்த முறையே பரிந்துரையாகிவிட்டது. பெரியப்பா சொன்னது அந்த இடத்தில் சரிதான்.

அம்மாவுக்குப் பித்தப்பை வலி இருப்பதால் ஆபரேஷன் நியாயமானதே. (தொந்தரவே தராத கல்லைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.) கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி உருவாகும், அதனால்தான் பையோடு எடுக்கிறோம். பித்தம் கல்லீரலில்தான் சுரக்கிறது என்பதால், பை இல்லாவிட்டாலும் செரிமானம் நடக்கும்.

ஆபரேஷன் முடிந்த மாலை ‘தோள் வலிக்குதே, வயித்துலதானே பண்ணாங்க?’ என்று அம்மா கேட்கலாம். பயப்பட வேண்டாம். மிச்ச வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்தும்போது, நரம்புத் தொடர்பால் வலி தோளில் தெரியும். எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும். சிக்கல் இல்லாவிட்டால் பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பி, ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலைக்குப் போகிறார்கள். கனமான பொருளை எப்போது தூக்கலாம் என்று மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடுவது, காய்ச்சல், விடாத வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். பித்தம் கசிந்தாலும் குழாயில் கல் தங்கியிருந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.

அப்புறம், எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் முடிவு வரச் சில நாள் ஆகும். தையல் ஆறி, வலி போனதும் அந்த ரிப்போர்ட்டை வாங்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.