டாலஸ் கூட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாலஸை ஒட்டிய இர்விங்கில் வசிக்கிறேன். கென்னடி கொலையைப் பற்றி யூடியூபில் நிறையப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். இந்த நவம்பரில் இங்கே ஒரு ஹோட்டலில் வரலாற்று ஆர்வலர்கள் இரண்டு நாள் கூடுகிறார்கள். உரைகள், அன்று நேரில் பார்த்தவர்களுடன் உரையாடல், 22ஆம் தேதி மதியம் கொலை நடந்த இடத்தில் மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரல். பதிவு செய்துவிட்டேன், ஆனாலும் தயக்கமாக இருக்கிறது. வருகிறவர்களில் பலர் பல பத்தாண்டுகளாக இதிலேயே ஊறியவர்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போனால் ஏதாவது புரியுமா? எதைப் படித்துவிட்டுப் போவது? நண்பர்களோ, ‘சதிக்கதை பேசுகிற கூட்டம், வெட்டி வேலை’ என்கிறார்கள்.

ர., இர்விங், டெக்ஸஸ்

*

அன்புள்ள ர.,

தயங்காமல் போங்கள். ஆதாரமில்லாத பேச்சு அங்கே காதில் விழத்தான் செய்யும். ஆனால் ஆர்வலர்களின் உழைப்பைக் கழித்துவிட்டால் இந்த வழக்கைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி போய்விடும். கொலையை விசாரிக்க அரசு அமைத்த வாரன் கமிஷன் 1964இல் 888 பக்க அறிக்கையையும், சாட்சியங்களும் சான்றுப்பொருட்களும் அடங்கிய 26 தொகுதிகளையும் வெளியிட்டது. அவ்வளவு பெரிய தொகுப்புக்குப் பொருளடைவு கிடையாது. அதைத் தனியாக உட்கார்ந்து தயாரித்தவர் சில்வியா மேகர்; நியூயார்க்கில் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மேரி ஃபெரல் டாலஸில் சட்ட அலுவலகச் செயலாளர். அவர் சேர்த்த ஆவணங்களிலிருந்து வளர்ந்ததுதான் இன்று எல்லாரும் இணையத்தில் புரட்டுகிற காப்பகம். நீங்கள் கலந்துகொள்ளப்போகும் மௌன அஞ்சலியும் அப்படி வந்ததுதான். மிட்லோதியன் என்ற சிற்றூரில் பத்திரிகை நடத்திய பென் ஜோன்ஸ் கொலை நடந்த டீலி பிளாசா சதுக்கத்தின் ஓரத்துப் புல்மேட்டில் ஆண்டுதோறும் 12.30க்கு நடத்திவந்த வழக்கம் அது.

உங்கள் நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள். 1979இல் அமெரிக்கக் கீழவையின் விசாரணைக் குழு, கென்னடி ‘பெரும்பாலும் ஒரு சதியின் விளைவாகவே’ கொல்லப்பட்டார் என்று முடிவு சொன்னது. அதற்கு முக்கிய ஆதாரம் டாலஸ் போலீஸின் ஒலிப்பதிவுப் பட்டை. ஒரு மோட்டார்சைக்கிள் போலீஸ்காரரின் மைக் அணையாமல் திறந்தே கிடந்ததில் துப்பாக்கிச் சத்தம் பதிவாகிவிட்டது என்றும், நான்கு வெடிகளில் ஒன்று புல்மேட்டிலிருந்து வந்ததற்கு 95 சதவீத வாய்ப்பு என்றும் ஒலியியல் நிபுணர்கள் கணக்குச் சொன்னார்கள். அந்தப் பதிவை ஒரு மாத இதழ் பிளாஸ்டிக் இசைத்தட்டாக இணைத்துக் கொடுத்தது. ஒஹையோவில் டிரம்ஸ் வாசிக்கிற ஒரு இளைஞர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபோது, வெடிச்சத்தம் என்று சொல்லப்பட்ட இடத்தில் அடியில் மங்கலாக ஒரு குரல் கேட்டது. ஷெரிஃப் டெக்கர் இன்னொரு அலைவரிசையில், சுட்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் கழிந்தபின் பிறப்பித்த உத்தரவு அது. அப்படியானால் அந்தச் சத்தங்கள் துப்பாக்கியினுடையவையாக இருக்க முடியாது. இயற்பியலாளர் நார்மன் ராம்சே தலைமையில் தேசிய அறிவியல் அகாதெமி அமைத்த குழு 1982இல் இதை ஆராய்ந்து உறுதிசெய்தது. ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அந்த விவாதத்தைக் கூட்டத்திலேயே நீங்கள் கேட்கலாம். நாடாளுமன்றக் குழுவின் நிபுணர்கள் தவறவிட்டதைக் கண்டுபிடித்தது ஒரு இசைக்கலைஞரின் காது. இப்படிப்பட்டவர்களும் வருகிற கூட்டத்தை வெட்டி வேலை என்று தள்ள எனக்கு மனம் வராது.

படிக்க வேண்டியது கொஞ்சம்தான். வாரன் அறிக்கையின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களைப் படித்துவிடுங்கள். மூன்றாவது குண்டுகளைப் பற்றியது, நான்காவது, சுட்டவர் என்று கமிஷன் முடிவுசெய்த லீ ஹார்வி ஆஸ்வால்டைப் பற்றியது. பிறகு 1979 குழுவின் அறிக்கையில் அவற்றுக்கு இணையான பகுதிகள். ‘யார் செய்தது’ என்ற கேள்வியோடு மட்டும் போகாதீர்கள். அந்தக் கேள்விக்கு அங்கே ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள், எதையும் உங்களால் அந்த இரண்டு நாளில் சோதிக்க முடியாது. ஒரே ஒரு சான்றுப்பொருளை எடுத்துக்கொண்டு, அதன் மூலச் சாட்சியத்தைப் படித்துவிட்டுப் போனால் அந்த ஒரு விஷயத்தில் அனுபவசாலிகளோடு சமமாகப் பேசலாம்.

பேச்சுகளில் எண்களாகப் பறக்கும். ‘சி.இ. 399’ என்றால் கமிஷனின் 399ஆம் சான்றுப்பொருள், அதாவது பார்க்லண்ட் மருத்துவமனை ஸ்ட்ரெச்சரில் கிடைத்த தோட்டா. ‘ஸீ 313’ என்றால், அன்று வேடிக்கை பார்க்க வந்து கொலையைப் படம்பிடித்த ஸப்ருடர் எடுத்த 8 மி.மீ. படத்தின் 313ஆவது ஃபிரேம், தலையில் குண்டு பாய்ந்த கணம். ‘2 ஹெச் 210’ என்றால் சாட்சியத் தொகுதி இரண்டு, பக்கம் 210. யாராவது ‘புதிதாக வெளியான ரகசிய ஆவணம்’ என்று ஆரம்பித்தால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். கென்னடி கொலை ஆவணங்களுக்கான 1992 சட்டத்தின்படி தொகுக்கப்பட்ட ஒவ்வொரு ஆவணத்துக்கும் 13 இலக்க எண் உண்டு. 104 என்று தொடங்கினால் சி.ஐ.ஏ., 124 என்றால் எஃப்.பி.ஐ., 180 என்றால் 1979 குழு. எண் கையில் இருந்தால் தாளைத் தேடிப் பார்க்கலாம். 2025 மார்ச்சில் வெளியானவற்றில் பல, முன்பே கறுப்புப் பூசி வெளிவந்த தாள்கள்தான், இப்போது பூச்சு நீங்கியிருக்கிறது. பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையில் புதிதாக என்ன தெரிந்தது என்று சொல்ல முடியும்.

அடிக்கடி கேட்கப்போகிற வாக்கியம், ‘5.6 நொடியில் மூன்று முறை யாராலும் சுட முடியாது’ என்பது. கணக்கை நீங்களே போடலாம். ஸப்ருடரின் கேமரா நொடிக்கு 18.3 ஃபிரேம் ஓடியது. அந்த மான்லிக்கர்-கார்க்கானோ துப்பாக்கியில் ஒரு முறை சுட்டு, போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி சுடக் குறைந்தது 2.3 நொடி என்று எஃப்.பி.ஐ. சோதனை சொன்னது. அதாவது 42 ஃபிரேம். கென்னடி மீது முதல் குண்டு பட்டது 210க்கும் 225க்கும் இடையில் என்பது கமிஷனின் கணிப்பு. அங்கிருந்து 313 வரை 4.8 முதல் 5.6 நொடி. ஆனால் இது உடலில் பட்ட இரண்டு குண்டுகளுக்கு இடையிலான நேரம். மூன்றில் ஒன்று யார் மீதும் படாமல் தவறியிருக்கலாம் என்பது கமிஷனின் கணிப்பு; அந்தத் தவறிய குண்டு நடுவில் வந்திருந்தால்தான் மூன்றும் இதற்குள் அடங்க வேண்டும். அது முதலாவதாகவோ கடைசியாகவோ இருந்தால் மொத்தம் 7 நொடிக்கு மேல் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. வாதிடுகிறவர் எந்தக் குண்டு தவறியது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார் என்பதை முதலில் கேளுங்கள். பெரும்பாலான சண்டை அதிலேயே தெளிந்துவிடும்.

இதே படத்தில் இன்னும் இரண்டு கண்ணிகள். 208 முதல் 211 வரையான ஃபிரேம்கள் மூலச்சுருளில் சேதமாகிவிட்டன, பிரதிகளில்தான் இருக்கின்றன. ஒட்டுப்போட்ட சுருளைப் பார்த்துவிட்டுக் கார் ‘குதிக்கிறது’ என்பவர்கள் உண்டு. இரண்டாவது, கமிஷன் தன் 18ஆவது தொகுதியில் 314, 315 ஃபிரேம்களை இடம் மாற்றி அச்சிட்டுவிட்டது. பின்னால் சாய்கிற தலை அந்த அச்சில் முன்னால் போவதுபோலத் தெரியும். அச்சுப் பிழை என்று பிறகு எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவரே ஒப்புக்கொண்டார். எந்தப் பிரதியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லாமல் ஃபிரேம் எண்ணை மட்டும் சொல்வதால் பயனில்லை.

ஸ்ட்ரெச்சரில் கிடைத்த அந்தத் தோட்டாவைப் பற்றியும் அவசியம் பேச்சு வரும். கென்னடியையும், அதே காரில் அவருக்கு முன்னால் இருந்த டெக்ஸஸ் ஆளுநர் கானலியையும் துளைத்தது இந்த ஒரே தோட்டாதான் என்பது கமிஷனின் தரப்பு. ‘கசங்காத தோட்டா’ என்பார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தில் அப்படித்தான் இருக்கும். அடிப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், வட்டமாக இருக்க வேண்டியது நசுங்கி நீள்வட்டமாகியிருக்கும், ஈயம் பிதுங்கியிருக்கும். எடை 158.6 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்). அந்த ரகத் தோட்டா புதிதாக இருக்கும்போது 160, 161 கிரெய்ன். ஆளுநர் கானலியின் மணிக்கட்டில் தங்கிய துணுக்குகள் இந்த இரண்டு கிரெய்னுக்குள் அடங்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதே குண்டு நடுவானில் திரும்பியதாக அம்புக்குறி போட்டுக் காட்டுகிற வரைபடம் வந்தால், கானலி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவருடையது மடக்கு இருக்கை. பின் இருக்கையைவிடத் தாழ்வானது, கதவிலிருந்து உள்ளே தள்ளியது. அவரைக் கென்னடிக்கு நேர் முன்னால், அதே உயரத்தில் வரைந்தால் குண்டு வளைந்துதான் போக வேண்டியிருக்கும்.

டீலி பிளாசாவுக்கு 12.30க்கு நன்றாக முன்னதாகவே போய்விடுங்கள். எல்ம் தெருவில் குண்டு பட்ட இடங்களில் வெள்ளையில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அது இப்போதும் வண்டிகள் ஓடுகிற சாலை. சிக்னல் விழும் இடைவெளியில் ஓடிப்போய்ப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள், தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். ஸப்ருடர் நின்ற கான்கிரீட் மேடையும் அதன் பின்னால் மரவேலியும் இருக்கின்றன. படங்களும் துண்டிதழ்களும் விற்பவர்கள் வந்து விளக்கம் சொல்வார்கள். அவர்களிடமும் எண்ணைக் கேட்கலாம். ஆறாம் மாடி அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் முன்பே வாங்கிவிடுங்கள். ஆஸ்வால்ட் சுட்டதாகக் கமிஷன் சொன்ன ஜன்னல் மூலை அங்கே கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கிறது, அங்கே நிற்க முடியாது; பக்கத்து ஜன்னல்களிலிருந்து பார்க்கலாம். 313இல் கார் இருந்த இடம் அந்த மூலையிலிருந்து 265 அடி. படத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் தூரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரியும், சதுக்கமே அவ்வளவு சிறியது. ஆனால் இன்றைய பார்வைக்கோணத்தை வைத்து எதையும் நிறுவாதீர்கள். கருவாலி மரங்கள் வளர்ந்துவிட்டன, ஃபிரேம் கணக்குக்கு முக்கியமான ஸ்டெம்மன்ஸ் சாலைப் பலகை போய்விட்டது. 1964 மே மாதத்தில் கமிஷன் செய்த ஒத்திகையிலேயே கென்னடியின் காரை வைக்கவில்லை. வேறு காரை வைத்து, உயர வித்தியாசத்துக்காகப் பத்து அங்குலத்தைக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள்.

நேரில் பார்த்தவர்கள் மேடைக்கு வந்தால் மிகுந்த கவனம் வேண்டும். எல்லாரும் முதியவர்கள். ‘புகை வந்ததைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள். ‘எங்கே நின்றீர்கள், அதன் பிறகு எங்கே போனீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் இப்போது சொல்வதைவிட 1963 நவம்பரில் கொடுத்த வாக்குமூலத்துக்கு எடை அதிகம். இரண்டும் முரண்பட்டால் அவரை மேடையில் மடக்காதீர்கள், வீட்டுக்கு வந்து ஒப்பிடுங்கள். பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். பிரேதப் பரிசோதனைப் படங்களைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் காட்டுவது சிலருக்கு வழக்கம், அதில் சேராதீர்கள். கென்னடி கொல்லப்பட்ட சிறிது நேரத்தில் சுடப்பட்டு, மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விட்டுச் செத்த காவலர் டிப்பிட்டின் ஊர் அது. ஓக் கிளிஃபில் பத்தாம் தெருவும் பேட்டன் தெருவும் சேருகிற இடத்தில் அவருக்கும் நினைவுப் பலகை இருக்கிறது, பலர் போவதில்லை. நீங்கள் போய்வாருங்கள்.

உங்களுக்கான சான்றுப்பொருளை நானே சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் ஊரிலிருந்து கிளம்பியது. இர்விங்கில் மேற்கு ஐந்தாம் தெருவில், ஆஸ்வால்டின் மனைவி அப்போது தங்கியிருந்த ரூத் பெய்ன் வீட்டை நகராட்சி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது, முன்கூட்டி நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ஆஸ்வால்ட் 21ஆம் தேதி இரவு தங்கியது அங்கேதான். துப்பாக்கி அதன் கராஜில் போர்வைக்குள் சுற்றிக் கிடந்தது என்பது கமிஷனின் முடிவு. மறுநாள் காலை, அதே தெருவில் குடியிருந்த பியூல் ஃப்ரேசியர் என்ற 19 வயது சக ஊழியரின் காரில் ஆஸ்வால்ட் வேலைக்குப் போனார். கையில் ஒரு காகிதப் பொட்டலம், திரைச்சீலைக் கம்பி என்று சொன்னாராம். ஜன்னல் பக்கம் கிடைத்த பை 38 அங்குலம். துப்பாக்கியைக் கழற்றினால் மிக நீளமான பாகம் 34.8 அங்குலம். ஆனால் ஃப்ரேசியர் பின் சீட்டில் குறித்துக் காட்டிய நீளம் 27 அங்குலம்தான். பொட்டலத்தின் ஒரு முனை உள்ளங்கையிலும் மறு முனை அக்குளிலும் இருந்தது என்றும் சொன்னார்.

ஹார்ட்வேர் கடையில் 35 அங்குலத்துக்கு ஒரு மரக்குச்சி வெட்டித் தரச் சொல்லுங்கள். பழுப்புக் காகிதத்தில் சுற்றி உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். ஆஸ்வால்டின் உயரம் 5 அடி 9 அங்குலம். அந்த உயரக்காரருக்கு அது அக்குளுக்குள் அடங்காது, தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஃப்ரேசியர் சரியாகத்தான் பார்த்தார் என்பவர்கள் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதே ஃப்ரேசியர், பொட்டலத்தைத் தான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்றும் சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார். பையில் ஆஸ்வால்டின் விரல்ரேகையும் உள்ளங்கை ரேகையும் கிடைத்தன. இரண்டு பக்கமும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். முழுச் சாட்சியமும் இரண்டாம் தொகுதியில் 210ஆம் பக்கத்தில் தொடங்குகிறது, அடுத்து அவருடைய அக்காவின் சாட்சியம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள், பையைப் பற்றி அங்கே யார் எதைச் சொன்னார்கள் என்று ஓரத்தில் குறித்துவந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்