இளவேனிலும் வசந்தமும்

கேள்வி: சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று என் மகள் பாடத்தில் படிக்கிறாள். வெளியிலோ வெயில் கொளுத்துகிறது. இதையா வசந்தம் என்கிறோம்?

பதில்: வசந்தம் என்றதும் பனி உருகும் நாடுகளின் பருவத்தை நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. வேனில் என்பதே வெயிற்காலம்தான். அதன் தொடக்கம் இளவேனில், முற்றிய நிலை ஆனி, ஆடிக்குரிய முதுவேனில். வடமொழி மரபிலும் சைத்ரம், வைசாகம் என்னும் இரு மாதங்களே வசந்த ருது, அதாவது வசந்த பருவம். ஆயினும் நிலவை வைத்துக் கணக்கிடும் சந்திரமானச் சைத்ரம் நம் பங்குனியிலேயே பிறந்துவிடும். வடக்கில் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும் தை, மாசியிலேயே வசந்த பஞ்சமி என்னும் விழாவும் வந்துவிடும்.

நம் கோயில் மரபு வெயிலை மறைக்கவில்லை. மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வைகாசி வசந்த விழாவுக்கென எழுப்பிய புதுமண்டபத்தைச் சுற்றி நீர் நிரப்பும் பள்ளம் அமைத்தது, எழுந்தருளும் தெய்வத்துக்கு அந்த வெக்கை தணியவேண்டும் என்பதற்காகவே.

சங்கப் பாடல்களில் இப்பருவம் இன்னும் ஆழமான பொருள் பெறுகிறது. தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்கு உரியதாக வைக்கிறது. பாலையின் உரிப்பொருள், அதாவது அத்திணைப் பாடல்கள் பேசும் உணர்வு, பிரிவு. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய 'இளவேனிற் பத்து' என்னும் பத்துப் பாடல்களும் 'அவரோ வாரார் தான்வந் தன்றே' என்றே தொடங்குகின்றன. திரும்பி வருவதாகச் சொல்லிப்போன தலைவன் வரவில்லை, அவன் குறித்த பருவம் மட்டும் வந்துவிட்டது என்று தலைவி வருந்துகிறாள். 'தான்' என்ற அந்த ஒரு சொல்லில், அழையாமலே வாசலில் வந்து நிற்கும் ஒருவரைப்போல் பருவம் நிற்பதை நான் ஒவ்வொரு முறையும் வியந்து படிக்கிறேன். நாள்காட்டி பாராமல், குயில் கூவுவதையும் வேம்பு பூப்பதையும் கொண்டே அவள் காலத்தை அறிகிறாள். புங்கின் பூவை அப்பாடல்களுள் ஒன்று 'பொரிப்பூ' என்கிறது. சிறிதாய், வெளுப்பாய், உதிர்ந்து தரையில் பரவிக் கிடக்கும் அதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் துல்லியம் விளங்கும்.

ஆகவே, வெயிலும் தளிரும் ஒன்றாக வருவதே நம் வசந்தம். இந்தச் சித்திரையில் காலை வெயில் ஏறுமுன் உங்கள் மகளை ஒரு புங்க மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பொரியை அவளே தன் கையில் அள்ளிப் பார்க்கட்டும்.